முதுகுப் பருவும் தோள் பருவும்: பென்சாயில் பெராக்சைடு ஜெல், ஒரு திருப்பூர்க்காரனின் மதிப்புரை

முதுகிலும் தோளிலும் வருஷக்கணக்கில் விடாமல் வரும் பருவுக்கு எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது பென்சாயில் பெராக்சைடு ஜெல், 2.5 சதவீதம். பூசி, ஐந்து நிமிஷம் விட்டு, கழுவிவிட வேண்டும். பல கம்பெனிகள் பல பெயரில் போடுகின்றன. நான் வாங்கும் டியூப் இருநூறு ரூபாய்க்குள் வருகிறது. பெட்டியில் இருக்கும் படத்தையும் "ஆக்னே" என்ற பெரிய எழுத்தையும் விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் மருந்தின் பெயரும் சதவீதமும் போட்டிருப்பார்கள், அதைப் படித்து வாங்குங்கள்.

ஐந்துக்கு நாலு மார்க் தருவேன். குறையும் ஒரு மார்க் எதற்கு என்பதைத் துணி பற்றிப் பேசும்போது சொல்கிறேன். அது என் தொழிலோடு சம்பந்தப்பட்டது. திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் ஆர்டர்களைக் கவனித்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் வேலை எனக்கு. காலையில் ஆபீஸ், மதியம் துணி பின்னும் நிட்டிங், சாயங்காலம் சாயம் போடும் டையிங் யூனிட் என்று பைக்கில் லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு சுற்றுகிற பிழைப்பு. பத்தாவது படிக்கும்போது முகத்தில் தொடங்கிய பரு, காலேஜ் முடிவதற்குள் முகத்தை விட்டு முதுகுக்கும் தோளுக்கும் இறங்கி அங்கேயே தங்கிவிட்டது.

முகத்தில் வந்தால் தெருவே வைத்தியம் சொல்லும். முதுகில் வந்தால் வெளியே தெரியாது, நாமும் வாயைத் திறக்க மாட்டோம். ஆனால் நம் ஊரில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டிய இடம் நிறைய. திருச்செந்தூரில் சட்டையோடு சாமி பார்க்க விடமாட்டார்கள். கோபிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் கொடிவேரி அணையில் குளிக்காமல் யாரும் திரும்புவதில்லை. பெண்களுக்கு ஜாக்கெட். என் அக்கா தன் கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்த பட்டு ஜாக்கெட்டில் முதுகுக் கழுத்தை ஏற்றித் தைக்கச் சொன்னாள். டெய்லர் காரணம் கேட்டதற்கு "எனக்கு இப்படித்தான் பிடிக்கும்ணா" என்று மட்டும் சொன்னாள். அவளுக்குப் பிடித்தது இறக்கமான கழுத்து என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால் இதைச் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

டாக்டரிடம் போனபோது அவர் முதலில் செய்தது, விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்து முதுகு முழுவதையும் விரலால் தடவிப் பார்த்தது. "தம்பி, அரிக்குதா, வலிக்குதா?" என்று கேட்டார். வலிக்கும், அரிக்காது என்றேன். கரும்புள்ளி (பிளாக்ஹெட்) இருக்கிறதா, உள்ளே கோலிக்குண்டு மாதிரி உருளும் கட்டி இருக்கிறதா, ஜிம்முக்குப் போகிறீர்களா, ஊசி மாத்திரை எதாவது எடுக்கிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அரிக்கிறதா என்ற அந்தக் கேள்வி எவ்வளவு முக்கியமானது என்பது பிறகு என் தம்பி விஷயத்தில் புரிந்தது.

அவர் விளக்கியது இது. தோலில் ஒவ்வொரு முடிக்குழியோடும் ஒரு எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கிறது. முகம், நெஞ்சு, மேல் முதுகு, தோள் இந்த நாலு இடத்திலும் அந்தச் சுரப்பிகள் பெரிதாகவும் நெருக்கமாகவும் இருக்கும். வயசுக்கு வரும்போது ஹார்மோன் ஏற, எண்ணெய் கூடுகிறது. குழியின் வாயில் செத்த தோல் செல்கள் உதிராமல் ஒட்டி அடைக்கின்றன. அடைபட்ட எண்ணெய்க்குள் கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற பாக்டீரியா பெருகுகிறது. இது காற்றில்லாத இடத்தில் செழிக்கும் வகை. அதற்கு உடம்பு காட்டும் எதிர்ப்புதான் சிவப்பு, வீக்கம், சீழ் எல்லாம். அழுக்கால் வருவதில்லை. தேய்த்துக் குளித்தால் போவதும் இல்லை. பீர்க்கங்காய் நாரால் முதுகை அழுத்தித் தேய்ப்பது நிலைமையை மோசமாக்கும் என்று கண்டிப்பாகவே சொன்னார்.

பென்சாயில் பெராக்சைடு என்ன செய்கிறது என்பதைக் கேட்டதும் எனக்குச் சட்டென்று பிடிபட்டது, ஏனென்றால் தினமும் டையிங்கில் அதன் உறவுக்காரனைப் பார்க்கிறேன். பின்னி வரும் துணி பழுப்பாக இருக்கும். சாயம் போடும் முன் ஹைட்ரஜன் பெராக்சைடும் காஸ்டிக் சோடாவும் சேர்த்துச் சூடாக்கி வெளுக்கிறோம். பெராக்சைடில் இருந்து வெளிவரும் ஆக்சிஜன்தான் பழுப்பு நிறத்தை உடைக்கிறது. பென்சாயில் பெராக்சைடும் அதே குடும்பம். முடிக்குழிக்குள் இறங்கி உடைகிறது. காற்று ஆகாத பாக்டீரியா அங்கே பிழைக்க முடியாமல் சாகிறது. அடைப்பையும் கொஞ்சம் இளக்குகிறது. ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்குப் பாக்டீரியா நாளாக நாளாகப் பழகிவிடும், இதற்குப் பழகுவதில்லை. அதனால்தான் டாக்டர்கள் கிளிண்டாமைசின் ஜெல்லையோ டாக்ஸிசைக்ளின் மாத்திரையையோ தனியாகக் கொடுக்காமல் இதையும் கூடவே எழுதுகிறார்கள்.

2.5, 5, 10 என்று சதவீதம் வரும். பெரிய நம்பர் வாங்கினால் சீக்கிரம் போகும் என்று தோன்றும். பருவைக் குறைப்பதில் 2.5 கிட்டத்தட்ட மற்ற இரண்டுக்கும் சமமாக நிற்கிறது. எரிச்சலும் தோல் உரிவதும்தான் நம்பர் ஏற ஏறக் கூடுகின்றன. நம் நிறத்துத் தோலில் எரிச்சல் வந்தால் அந்த இடம் கறுத்துப் போகும், கறுத்தது தெளிய மாசக்கணக்காகும். ஆகவே 2.5தான் என் தேர்வு. கழுவும் வாஷ் வடிவில் 4, 5 சதவீதத்தில் கிடைக்கிறது. முதுகு முழுக்கப் பரு உள்ளவர்களுக்கு அது வசதி. 30 கிராம் டியூப் முகத்துக்கு என்றால் நின்று வரும், முதுகு அதை மளமளவென்று தின்றுவிடும்.

இப்போது முக்கியமான விஷயம், பூசுவது எப்படி. கட்டுரைகளில் "பாதிக்கப்பட்ட இடத்தில் தடவவும்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். சொந்த முதுகில் தடவிப் பார்த்தவன் அப்படி எழுத மாட்டான். மேல் முதுகுக்கும் தோளுக்கும் கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய்ப் பின்னால் இறக்கினால் எட்டும். நடு முதுகுக்குக் கீழிருந்து மேலே போக வேண்டும். அப்போது உள்ளங்கை எட்டாது, புறங்கைதான் எட்டும். அதனால் ஜெல்லைப் புறங்கையில் பிதுக்கிக்கொண்டு, கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே மேலும் கீழும் இழுக்க வேண்டும். வலது கையால் இடது பக்கம், இடது கையால் வலது பக்கம். ஒவ்வொரு பருவையும் தேடிப் பொட்டு வைக்க வேண்டாம். பரு வரும் இடம் முழுவதற்கும் மெல்லிசாகப் படர்த்த வேண்டும். இந்த மருந்து அடுத்து வரப்போகும் பருவைத் தடுப்பதற்குத்தான் அதிகம் பயன்படுகிறது, வந்துவிட்டதை ஒரே ராத்திரியில் அழிப்பதற்கு இல்லை.

குளிக்கும் வரிசையும் கவனிக்க வேண்டும். முதலில் தலைக்கு ஷாம்பு, கண்டிஷனர் எல்லாம் முடித்து அலசிவிட்டு, கடைசியாகத்தான் முதுகு. கண்டிஷனர் முதுகில் வழிந்து தங்கினால் அதுவே குழியை அடைக்கும். தண்ணீரைத் துடைத்துவிட்டு ஜெல்லைப் பூசி, பல் தேய்த்து முகம் மழிக்கிற நேரம் விட்டால் ஐந்து நிமிஷம் ஆகிவிடும். பிறகு நன்றாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். முதுகுத் தோல் தடிமன், இந்த மருந்தும் சீக்கிரம் உள்ளே இறங்குகிறது. இந்த முறை என் முதுகுக்குப் போதுமானதாக இருக்கிறது. ராத்திரி முழுக்க வைத்திருந்தால் போர்வை, தலையணை, பனியன் எல்லாம் பாழ்.

ஆரம்பத்தில் தோல் வறண்டு, மாவு மாதிரி உதிரும், லேசாக எரியும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பூசி, பழகியதும் தினமும் என்று ஏற்றிக்கொள்வது நல்லது. வாசனை இல்லாத, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத மாய்ஸ்சரைசர் ஒன்றையும் கூடவே போடலாம். சிலருக்கு இது ஒத்துக்கொள்ளாது. எரிச்சல் என்பது வேறு, அலர்ஜி என்பது வேறு. பூசிய இடம் வீங்கி, தடித்து, தாங்க முடியாமல் அரித்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். முதலில் தோளில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் பூசிப் பார்த்துவிட்டுத் தொடங்கினால் பயமில்லை.

எத்தனை நாளில் தெரியும்? எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம். இதைச் சொன்னால் பலருக்கு முகம் வாடுகிறது. ஆனால் தோலுக்குள் ஒரு பரு உருவாகி மேலே வருவதற்கே வாரக்கணக்கில் ஆகிறது. நீங்கள் பூச ஆரம்பிக்கும் அன்றே அடியில் வரிசையாகப் பருக்கள் தயாராக இருக்கின்றன. அவை வந்துதான் தீரும். இரண்டாவது வாரத்தில் "இது வேலைக்கு ஆகலை" என்று தூக்கிப் போட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த முதல் மாற்றம், பைக் ஓட்டும்போது பையின் வார் தோளில் வலிக்காமல் இருந்தது. கண்ணாடியில் தெரியும் மாற்றம் அதற்கு ரொம்பப் பின்னால்தான் வந்தது.

சரி, துணி. டையிங்கில் வெளுப்பது எப்படியோ அப்படியே இந்த ஜெல்லும் உங்கள் சட்டையை வெளுக்கும். நேவி ப்ளூ டி-ஷர்ட்டில் ஆரஞ்சு படை, கறுப்பில் செம்பட்டைப் படை, மெரூன் துண்டில் வெளிறிய கை அச்சு. முதலில் பார்ப்பவர்கள் சோப்புக் கறை என்று நினைத்துத் திரும்பத் துவைப்பார்கள். அது கறையே இல்லை. ரியாக்டிவ் சாயத்தின் நிறம் தரும் பகுதியைப் பெராக்சைடு உடைத்துவிட்டது. அந்த இடத்தில் நிறம் செத்துவிட்டது, எதில் துவைத்தாலும் திரும்பாது. நல்லாக் கழுவிவிட்டோம் என்று நினைத்தாலும் குழிகளுக்குள் மிச்சம் இருக்கும். மத்தியானம் வேர்த்தால் வேர்வையோடு வெளியே வந்து துணியில் இறங்கும். எங்கள் செக்கிங் டேபிளில் இப்படி ஒரு பீஸ் வந்தால் டையிங்குக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்போம், அவ்வளவு அச்சாக ஷேட் கோளாறு (சாயம் சீராக ஏறாதது) போலவே இருக்கும்.

நான் கடைப்பிடிப்பது: உடம்பு துடைக்க வெள்ளைத் துண்டு, உள்ளே வெள்ளை ரிப் பனியன், படுக்கைக்கு வெள்ளை உறை. வெள்ளையில் சாயமே இல்லை, வெளுக்க ஒன்றும் இல்லை. பூசிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வேறு எதையும் தொட வேண்டும். பட்டு, கல்யாணத்துக்கு எடுத்த கலர் சட்டை இவற்றைப் போடும் நாளில் காலையில் பூசாமல் ராத்திரிக் குளியலுக்குத் தள்ளிவிடலாம். ஒரு மார்க் குறைத்தது இதற்குத்தான். கம்பெனிகள் பெட்டிக்குள் இருக்கும் தாளில் இந்த எச்சரிக்கையைப் பொடி எழுத்தில் போடுகின்றன. டியூபின் முன்பக்கமே பெரிதாகப் போட்டால் எத்தனையோ வீட்டில் நல்ல துணி பிழைக்கும்.

இன்னொரு எச்சரிக்கை, சூடு. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் ஒரு தனியார் பரிசோதனைக்கூடம், பென்சாயில் பெராக்சைடு சூட்டில் சிதைந்து பென்சீன் உண்டாகிறது என்று சொன்னது. பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். அதைக் கேட்டு நிறையப் பேர் பயந்து நிறுத்தினார்கள். பிறகு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ தன் பங்குக்கு 95 பொருட்களைச் சோதித்து, 2025 மார்ச்சில் முடிவை வெளியிட்டது. 90 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் பென்சீன் அறவே இல்லை அல்லது மிக மிகக் குறைவு. அளவு கூடியிருந்த ஒருசில பொருட்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். இதில் நமக்கு இருக்கும் பாடம் சேமித்து வைப்பதில்தான். சித்திரை வைகாசி வெயிலில் பைக் சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டியிலோ, காரின் டேஷ்போர்டிலோ டியூபை விட்டுவிடாதீர்கள். ஓட்டு வீடு, ஷீட் கூரை என்றால் நிழலான அலமாரி வேண்டும். நான் ஃபிரிட்ஜ் கதவில் வைக்கிறேன். ஒரே நேரத்தில் நாலைந்து டியூப் வாங்கி அடுக்கவும் வேண்டாம். தேதி முடிந்ததைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அவன் கோயம்புத்தூரில் ஹாஸ்டல். அவனுக்கும் தோளிலும் முதுகிலும் வந்தது. "அண்ணா, உன் மருந்துப் பேரை அனுப்பு" என்றான். போட்டோ அனுப்பச் சொன்னேன். பார்த்ததும் வித்தியாசம் தெரிந்தது. எனக்கு வருவது பலவிதம். ஒன்று பெரிது, ஒன்று சின்னது, ஒன்று சீழ், ஒன்று கரும்புள்ளி. அவனுக்கு எல்லாமே கடுகு அளவில், ஒரே அச்சில் வார்த்த மாதிரி, கரும்புள்ளியே இல்லாமல். வேர்த்தால் அரிப்பு. அதற்கு முன் மருந்துக்கடையில் "பருவுக்கு" என்று கேட்டு வாங்கிய ஆன்டிபயாட்டிக்கில் இன்னும் பரவியிருந்தது. டாக்டரிடம் அனுப்பினேன். அவர் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, மலசீசியா என்ற ஈஸ்ட், அதாவது ஒரு வகைப் பூஞ்சை, முடிக்குழிக்குள் பெருகியிருப்பதாகச் சொன்னார். தலையில் பொடுகைக் கிளப்பும் அதே கூட்டம். தோலின் எண்ணெயைத் தின்று வாழ்வது. ஆன்டிபயாட்டிக் போட்டால் அதற்குப் போட்டியாக இருக்கும் பாக்டீரியா செத்து, இது இன்னும் கொழுக்கும். கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பூவை முதுகில் தேய்த்துச் சில நிமிஷம் விட்டுக் கழுவச் சொல்லி, வாய்வழி மருந்தும் கொடுத்தார். அடங்கிவிட்டது.

இதை இவ்வளவு நீளமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் ஊர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் முதுகில் வருவதெல்லாம் பரு இல்லை. வேர்க்குரு இருக்கிறது, வேனல் கட்டி இருக்கிறது, இந்த ஈஸ்ட் இருக்கிறது. ஒரே அளவு, அரிப்பு, கரும்புள்ளி இல்லை என்ற மூன்றும் சேர்ந்தால் இந்த ஜெல்லை வாங்கும் முன் ஒரு தோல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். சில மருந்துக்கடைகளில் படை, சொறி, பரு எதைச் சொன்னாலும் ஒரே க்ரீமை எடுத்து நீட்டுகிறார்கள். அதில் ஸ்டீராய்டு, ஆன்டிபயாட்டிக், பூஞ்சை மருந்து மூன்றும் கலந்திருக்கும். பூசிய இரண்டு நாளில் சிவப்பு வற்றி அற்புதம் மாதிரி தெரியும். தொடர்ந்து போட்டால் ஸ்டீராய்டே பருவைக் கிளப்பும், தோல் மெலிந்து கோடு விழும். டியூபில் க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று எதாவது இருந்தால் முதுகுப் பருவுக்கு வேண்டவே வேண்டாம். என் கம்பெனியில் சிங்கர் மெஷினில் தைக்கும் ஒரு அக்கா இதைக் கன்னத்தில் போட்டுப் போட்டு, இப்போது வெயிலில் ஐந்து நிமிஷம் நின்றால் முகம் தீயாக எரிகிறது என்கிறார். கொடுத்த கடைக்காரருக்கு அதெல்லாம் தெரியவே தெரியாது.

வீட்டு வைத்தியம் பற்றி அம்மாவுக்கும் எனக்கும் நடந்த பேச்சு நீளம். "சூடு கண்ணு, சனிக்கெழமை நல்லெண்ணெ தேச்சுக் குளிச்சா எல்லாம் எறங்கிரும்" என்பது அவர் கட்சி. எண்ணெய்க் குளியல் மேல் எனக்கும் பிரியம்தான், தலைக்குத் தேய்த்துக்கொள்கிறேன். ஆனால் ஏற்கெனவே எண்ணெய் அடைத்த குழிகள் மேல் எண்ணெயைப் பூசித் தேய்ப்பது முதுகுக்கு ஆகாது. தேங்காய் எண்ணெய் இன்னும் மோசம், குழியை அடைப்பதில் அது கெட்டிக்காரன். தலைக்கு வைத்த எண்ணெய் பிடரியில் வழிந்தாலும் துடைத்துவிட வேண்டும். அம்மாவிடம் இதைச் சொன்னபோது உடனே ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒரு நாள் என் முதுகைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தலைக்கு மட்டும் வச்சுக்க சாமி, மேலுக்கு வேண்டாம்" என்று அவராகவே சொன்னார். குப்பைமேனி, வேப்பிலை, மஞ்சள் அரைத்துப் பூசுவதால் பெரிய கெடுதல் பார்த்ததில்லை, பெரிய பலனும் பார்த்ததில்லை. எலுமிச்சைச் சாறும் பற்பசையும் மட்டும் கூடவே கூடாது. இரண்டும் தோலைப் புண்ணாக்கும், ஆறியபின் கறுப்பு நிற்கும்.

மருந்து பாதி வேலை செய்தால் பழக்கம் மீதி. தோளில் பையின் வார் அழுந்தும் இடத்தில் மட்டும் பரு வரிசை கட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். உராய்வும் அழுத்தமும் சூடும் சேர்ந்து கிளப்புவது அது. லேப்டாப்பை முதுகிலிருந்து இறக்கி, பைக்கின் டேங்க் மேல் வைக்கும் டேங்க் பேக்குக்கு மாறியதும் என் தோள் மட்டும் தனியாகத் தெளிந்தது. துணியில், உடம்போடு ஒட்டிப் பிடிக்கும் பாலியஸ்டர் டி-ஷர்ட்டைப் போட்டு நாள் முழுக்க வேர்ப்பதைவிட, 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில்) சிங்கிள் ஜெர்சி பருத்தி, அதாவது சாதாரண டி-ஷர்ட் துணி, கொஞ்சம் லூசாக, நல்லது. ஆனால் எந்தத் துணியாக இருந்தாலும் வேர்த்த சட்டையோடு உட்கார்ந்திருக்கக் கூடாது. ஜிம்மிலிருந்து வந்ததும் குளித்து, சட்டையை மாற்ற வேண்டும். ஜிம் பையன்களுக்கு ஒரு வார்த்தை: வே புரோட்டீன் சிலருக்குப் பருவைக் கூட்டுகிறது, நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். உடம்பு ஏறுவதற்கு என்று கோச் கொடுக்கும் ஸ்டீராய்டு ஊசி போட்டால் முதுகு வெடிக்கும், அதற்கு எந்த ஜெல்லும் ஈடு கொடுக்காது. பி12 ஊசிக்குப் பிறகு திடீரென்று பரு கிளம்பினால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள், அதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

ஆன்லைனில் "பேக் ஆக்னே ஸ்ப்ரே" என்று அழகான பாட்டிலில் வருவதில் பெரும்பாலும் சாலிசிலிக் ஆசிட்தான். கரும்புள்ளிக்கும் லேசான பருவுக்கும் அது பரவாயில்லை, எட்டாத இடத்தில் அடிக்க வசதி. சீழ் பிடித்து வலிக்கும் பருவுக்கு அது மட்டும் போதாது. பார்லரில் முதுகுக்கு ஃபேஷியல் செய்கிறோம் என்று ஆவி பிடித்துப் பிதுக்குவதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

பிதுக்குவது பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். தோள், மேல் முதுகு, நெஞ்சு இந்த மூன்று இடத்துத் தோலுக்கும் கீலாய்டு என்ற தடித்த தழும்பு வளரும் சுபாவம் உண்டு. பரு ஆறிய இடத்தில் தழும்பு, பருவைவிடப் பெரிதாக, பளபளவென்று, ரப்பர் மாதிரி எழும்பி நிற்கும். அரிக்கும், சிலருக்கு வலிக்கும். அதைக் கரைக்கத் தழும்புக்குள்ளேயே ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட வேண்டும், பல தடவை போட வேண்டும், வலியும் உண்டு. வீட்டில் யாருக்காவது காது குத்திய இடத்தில் அப்படித் தடித்திருந்தால் நீங்கள் இரட்டை ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

பரு போனபின் நிற்கும் கறுப்பு வேறு விஷயம். அது தழும்பு இல்லை, நிறம் மட்டும்தான். விட்டால் தானாகவே மங்கும், மெதுவாக. அஸெலாயிக் ஆசிட் க்ரீம் அந்தக் கறுப்புக்கும் பருவுக்கும் இரண்டுக்குமே கொஞ்சம் உதவுகிறது. தோள் வெயிலில் படும்படி இருந்தால் சன்ஸ்கிரீன் போடாமல் கறுப்பு தெளியாது.

இந்த ஜெல் எல்லோருக்கும் போதுமா என்றால், இல்லை. உள்ளே ஆழமாகக் கட்டி கட்டியாக, தொட்டால் வலிக்கும்படி வருபவர்கள், ஆறிய இடமெல்லாம் குழியோ தடிப்போ விழுபவர்கள், நேரம் கடத்தாமல் தோல் டாக்டரிடம் போக வேண்டும். டாக்டர்கள் ராத்திரிக்கு அடாப்பலீன் என்ற பூச்சு மருந்தைச் சேர்ப்பார்கள், டாக்ஸிசைக்ளின் மூன்று நாலு மாசத்துக்குக் கொடுப்பார்கள். டாக்ஸிசைக்ளினை நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கியதும் படுக்கக் கூடாது, வெயில் சீக்கிரம் சுடும். அதிலும் அடங்காவிட்டால் ஐசோட்ரெட்டினோயின். 1982ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து, வைட்டமின் ஏ குடும்பம், எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கிவிடும். கடுமையான பருவுக்கு அதைவிடப் பலமான மருந்து இல்லை. ஆனால் கர்ப்பத்தில் இருக்கும் குழந்தைக்குப் பெரிய ஊனத்தை உண்டாக்கும். அதனால் பெண்கள் கர்ப்பம் இல்லை என்று பரிசோதித்து, கருத்தடையும் உறுதி செய்துகொண்டுதான் எடுக்க வேண்டும். எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு, உதடு வெடித்துக்கொண்டே இருக்கும். இதை நண்பன் சொன்னான் என்று கடையில் வாங்கிப் போடுவதை நான் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

பெண்களுக்கு இன்னொன்று. மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போய், தாடையில் முடியும் முளைத்து, முதுகிலும் தாடையிலும் பரு வந்தால் பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அக்காவுக்கு அதுதான். அவளுக்கு ஜெல் பாதி உதவி செய்தது, மீதியை மகப்பேறு டாக்டரின் மருந்துதான் அடக்கியது.

எனக்கு இப்போது முதுகு முழுக்கத் தெளிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். வேனலில் இரண்டு மூன்று வரும், சின்னதாக, வந்த வேகத்தில் வற்றும். வலிக்கும் கட்டி வருவது நின்றுவிட்டது. ஜெல்லை நிறுத்தினால் மெல்லத் திரும்ப வருகிறது, அதனால் வாரத்தில் சில நாள் பூசிக்கொண்டுதான் இருக்கிறேன். ஐந்து நிமிஷ வேலை, ஒரு வெள்ளைத் துண்டு. டியூப் வாங்கும்போது 2.5 என்று இருக்கிறதா, தேதி எவ்வளவு தூரம் இருக்கிறது, கடையில் வெயில் படும் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்ததா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் இருந்ததை எடுத்துக் கொடுத்தால், "உள்ளே இருந்து வேற குடுங்கண்ணா" என்று கேட்டு வாங்குங்கள், எடுத்துத் தருவார்கள்.